ஏடிவி எஞ்சின் ஆயிலில் கூலண்ட் கலந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளில் மருந்துத் தொட்டியை இழுக்கவும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பண்ணைகளில் வேலிக்கால் சுற்றி வரவும் ஏடிவி என்னும் நான்கு சக்கர வண்டியை இப்போது பலர் வைத்திருக்கிறார்கள். இவ்வண்டிகள் என் பட்டறைக்கு வரும் காரணங்களில் மிகவும் கவலைக்குரியது, எஞ்சின் ஆயிலில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கலந்துவிடுவதுதான். உரிமையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கூலண்டால் குளிரும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்வதே முடிவானது.

ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறது. கூலண்ட் கலந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஆயில் வெளுப்பதற்குத் தண்ணீர் கலந்திருப்பதுதான் காரணம் என்றாலும், அந்தத் தண்ணீர் மூன்று வழிகளில் வந்திருக்கலாம்.

முதலாவது, பனியால் சேரும் ஈரம். மார்கழி, தை மாதங்களில் தளி மேட்டுநிலத்தில் விடியற்காலை நன்றாகவே குளிரும். அந்த நேரத்தில் வண்டியை எடுத்து, பால் கேன் வைக்கும் இடம் வரை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால், எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைந்துவிடும். உள்ளே படிந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியிருக்காது. இதனால் ஆயில் மூடியின் உட்புறத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில் வெண்ணெய் போன்ற படலம் தெரியும். ஆயில் மட்டம் பார்க்கும் கோலான டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகவே இருக்கும். வண்டியை அரைமணி நேரம் நன்றாக ஓட்டினால் படலம் மறைந்துவிடும். இது நோய் அல்ல.

இரண்டாவது, வெளித்தண்ணீர். தென்பெண்ணையின் ஓடைகளிலோ நிரம்பிய ஏரிக்கரையிலோ இருக்கைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிற்கும் இடத்தில் வண்டியை இறக்கினால், ஏர் ஃபில்டர் பெட்டி வழியாகவும் எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். இப்படி நடந்திருந்தால் கூலண்ட் அளவு குறைந்திருக்காது. ஏர் ஃபில்டர் நனைந்து சேறு பூசியிருக்கும்.

மூன்றாவதுதான் கூலண்ட். டிப் ஸ்டிக்கில் தெரியும் ஆயில் முழுவதும் பால் கலந்த டீயின் நிறத்துக்கு மாறி, ஆயில் மட்டம் நீங்கள் ஊற்றாமலேயே உயர்ந்து, ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்து, வெளியே தரையில் ஒரு சொட்டும் காணோம் என்றால், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வீட்டில் இருந்தபடியே உறுதி செய்து கொள்ள வழி உண்டா?

உண்டு. வண்டியை இரவு முழுவதும் சமதளத்தில் அசையாமல் நிறுத்தி வையுங்கள். தண்ணீரும் கூலண்டும் ஆயிலைவிடக் கனமானவை. கலங்காமல் தனியாக நிற்கும் பகுதி அடியில் இறங்கிவிடும். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், அடியில் ஆயிலை வடிக்க உள்ள ட்ரெய்ன் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் சொட்டுகளை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். பச்சையோ, சிவப்போ, நீலமோ கலந்த நீர் முதலில் வந்து, பின்னால் ஆயில் வந்தால் விடை கிடைத்துவிட்டது. எல்லாமே ஒன்றாகக் குழைந்து வெளுத்து வந்தால், எஞ்சின் ஓடும்போதே அடித்துக் கலக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வெளுப்பு மிகக் குறைவாக இருந்து குழப்பம் நீடித்தால், தோசைக்கல்லைப் போன்ற ஒரு பழைய இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி, அதில் ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். ஆயில் மட்டும் இருந்தால் அமைதியாகப் பரவிப் புகையும். தண்ணீர் இருந்தால் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று பொரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், பெட்ரோல் எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். தண்ணீர் இருக்கிறதா என்பதை மட்டுமே இந்தச் சோதனை சொல்லும். அது கூலண்டா வெறும் நீரா என்பதை ரேடியேட்டர் மட்டம்தான் சொல்லும். ஒரு சிலர் விரலில் தொட்டு நாக்கில் வைத்து இனிக்கிறதா என்று பார்க்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

இன்னும் ஒரு வாரம் அறுவடை இருக்கிறது. அதுவரை ஆயிலை மாற்றி மாற்றி ஓட்டலாமா?

கூடாது. தோட்டத்திலிருந்து பட்டறைக்குக்கூட ஓட்டி வர வேண்டாம். டிராக்டர் டிரெய்லரிலோ மினி வேனிலோ ஏற்றிக் கொண்டு வாருங்கள்.

கிராங்க் பெயரிங், கனெக்டிங் ராடின் அடிப்பகுதி, மேலே கேம் சுழலும் இடங்கள் ஆகிய எல்லாமே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கும் மெல்லிய ஆயில் படலத்தை நம்பியே வாழ்கின்றன. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு அந்தப் படலத்தைத் தாங்கும் வலு இல்லை. அதைவிடக் கெடுதல், கிளைக்கால் சூட்டில் ஆயிலோடு சேர்ந்து தார்போன்ற கசடாகவும் அமிலமாகவும் மாறுவது. அந்தக் கசடு ஆயில் ஃபில்டரையும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குப் போகும் சிறு ஆயில் வழிகளையும் அடைக்கிறது. அமிலம் பெயரிங்கின் மேற்பரப்பை அரிக்கிறது. கசிவைத் தடுக்கும் வளையமான ஒரு சீலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒரு வார ஓட்டத்தில் கிராங்க் அசெம்பிளி மாற்றும் வேலையாக வளர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரச்சினை தெரிந்த அன்றே நிறுத்திய வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே குறைந்த செலவில் பிழைத்திருக்கின்றன.

மூடிய எஞ்சினுக்குள் கூலண்ட் எந்த வழியாகத்தான் ஆயிலுக்குள் போகிறது?

பெரும்பாலான ஏடிவி எஞ்சின்களில் வாட்டர் பம்ப் தனியாகத் தொங்காமல், எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலேயே அமைந்திருக்கும். பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் ஒரு முனை ஆயிலில் நனைகிறது. கூலண்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பொருத்திய மறுமுனை கூலண்டில் நனைகிறது. இரண்டுக்கும் நடுவே இரு காவல்கள் உண்டு. கூலண்ட் பக்கத்தில் இருப்பது மெக்கானிக்கல் சீல். இம்பெல்லரோடு சுழலும் பீங்கான் வளையம் ஒன்றின் மேல் கார்பன் வளையம் ஒன்று ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே நின்று கூலண்டைத் தடுக்கும். ஆயில் பக்கத்தில் இருப்பது நாம் எல்லோரும் அறிந்த ரப்பர் ஆயில் சீல். இரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்திலிருந்து பம்பின் அடியில் வெளியே திறக்கும் ஒரு சிறு துளை உண்டு. அதைக் கசிவுத்துளை என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் துளைதான் இந்த அமைப்பின் மதியூகம். மெக்கானிக்கல் சீல் பழுதானால் கூலண்ட் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டும். ஆயில் சீல் பழுதானால் ஆயில் சொட்டும். எது சொட்டுகிறதோ அந்தச் சீல் போய்விட்டது என்று வண்டியே நமக்குச் சொல்லிவிடுகிறது. மெக்கானிக்கல் சீல் தேய்ந்து, துளையும் அடைபட்டிருந்தால், கூலண்ட் ஆயில் சீலைத் தாண்டி ஆயிலுக்குள் போகும்.

அடுத்த வழி, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் டைமிங் செயின் இறங்கும் பள்ளம், கூலண்ட் ஓடும் அறைக்கு ஒட்டியே இருக்கும். எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறி ஹெட் சற்று வளைந்தால், அந்த இடத்தில் கேஸ்கட் பிடிப்பை இழக்கும். கூலண்ட் செயின் பள்ளத்தில் இறங்கி நேராக ஆயில் தொட்டியில் சேரும். சிலிண்டருக்குள் போகாததால் புகைபோக்கியில் வெண்புகை வராது. அதனால் “புகையே இல்லையே, ஹெட் நன்றாகத்தான் இருக்கிறது” என்று பலர் தவறாக முடிவு செய்துவிடுகிறார்கள்.

கூலண்டைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் அதன் உட்சுவர் ஓட்டை விடலாம். சிலிண்டர் அடியிலோ கூலண்ட் குழாய் இணைப்பிலோ உள்ள ஓ-ரிங் கெடலாம். சிலிண்டரிலோ ஹெட்டிலோ விரிசல் விடுவது மிக அரிது. அதைக் கடைசியில் சந்தேகித்தால் போதும்.

வண்டி ஓடும்போது கூலண்ட் குறைவதில்லை, இரவு நிறுத்தி வைத்தால் குறைகிறது. இது எப்படி?

ஓடும் எஞ்சினில் ஆயில் பம்ப் தரும் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிட அதிகம். ஆகவே அழுத்தத்தில் ஆயில் ஓடும் வழிக்கும் கூலண்ட் வழிக்கும் இடையே ஓட்டை இருந்தால், ஓடும்போது ஆயில் கூலண்டுக்குள் போகும். எஞ்சினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் சுழியமாகிவிடுகிறது. சூடான கூலண்ட்டோ ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் இன்னும் நெடுநேரம் நிற்கிறது. அப்போது அது ஆயில் பக்கம் நுழைகிறது. ரேடியேட்டரில் ஆயில் மிதப்பும், ஆயிலில் கூலண்டும் ஒருசேரக் கண்டால், ஆயில் கூலரையோ கேஸ்கட்டில் ஆயில் வழியை ஒட்டிய பகுதியையோ முதலில் பாருங்கள். பம்ப் சீல் பழுதில் ரேடியேட்டருக்குள் ஆயில் மிதப்பது அரிது.

கசிவுத்துளை அடைபடுமா? அது வெளியே திறந்துதானே இருக்கிறது?

அடைபடும், நம் பக்கத்தில் மிக எளிதாக அடைபடும். காவேரிப்பட்டினம் பக்கத்துத் தோப்பு ஒன்றிலிருந்து வந்த வண்டியைச் சொல்கிறேன். பூ எடுக்கும் காலத்தில் மருந்து அடிக்க, ஏரி மண் கொட்டிய தோப்பில் தினமும் ஓடிய வண்டி அது. “ஆயில் மூணு தடவ மாத்திட்டோம் தம்பி, மறுபடியும் பாலாத்தான் வருது, ஹெட்டைப் பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க” என்று பெரியவர் சொன்னார். வண்டியைச் சாய்த்துப் பம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் துளையே தெரியவில்லை. செம்மண்ணும் களிமண்ணும் சேர்ந்து, சுட்ட செங்கல்போல் இறுகியிருந்தன. கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்த ஒற்றைக் கம்பியை அரை விரற்கடை உள்ளே விட்டுச் சுழற்றினேன். முதலில் ஒரு குச்சி மண் உதிர்ந்தது. சற்றுப் பொறுத்து ஒரு பச்சைச் சொட்டு விளிம்பில் வந்து நின்று, கனத்து, விழுந்தது. அதன்பின் நிற்காமல் சொட்டியது. ஹெட்டைத் தொடவே இல்லை. இரண்டு சீல்களும் ஒரு மூடி கேஸ்கட்டும் போட்டு வண்டி போய்விட்டது.

மெக்கானிக்கல் சீல் எப்போதோ போய்விட்டது. கூலண்ட் வெளியேற வழியில்லாமல் அழுத்தத்தோடு ஆயில் சீலைத் தள்ளி உள்ளே போயிருக்கிறது. ரப்பர் ஆயில் சீல் அந்தப் பக்கத்திலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பர்கூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளில் ஓடும் வண்டிகளிலும் கருங்கல் தூள் தண்ணீர் பட்டு இதேபோல் இறுகுவதுண்டு. வண்டியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் அந்தத் துளையைத் தேடிப் பார்த்து, மெல்லிய கம்பியால் மெதுவாகத் துழாவிவிடுங்கள். சீலைக் குத்தும் அளவுக்கு ஆழமாகவோ, கூரான ஊசியாலோ குத்த வேண்டாம். ஹை பிரஷர் தண்ணீரையும் அந்த இடத்தில் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.

எதையும் பிரிக்காமல் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கண்டுபிடித்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்டை நிரப்பி, மூடிக்குப் பதிலாக அழுத்தச் சோதனைக் கைப்பம்பைப் பொருத்துங்கள். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். மூடியின் மேல் 0.9, 1.1 என்பதுபோல் பார் கணக்கில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவுக்கு மட்டுமே அழுத்தம் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல இடத்தையும் கெடுத்துவிடுவோம். முன்னதாக ஆயிலை முழுவதும் வடித்து, ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்தே வைத்து, அடியில் சுத்தமான தட்டு ஒன்றை வையுங்கள். முள் அசையாமல் கால்மணி நேரம் நின்றால் பெரிய ஓட்டை இல்லை. முள் இறங்கி, கசிவுத்துளையில் சொட்டினால் பம்ப். தட்டில் கூலண்ட் விழுந்தால் உள்ளே கசிவு. மிகச் சிறிய கசிவு அரைநாள் கழித்தே தெரியும் என்பதால் பொறுமையாக இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள்.

உள்ளே கசிகிறது என்று தெரிந்ததும், அழுத்தம் இருக்கும்போதே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் விளக்கடித்துப் பாருங்கள். பிஸ்டன் தலையில் கூலண்ட் தேங்கியிருந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோதான் காரணம். இந்த நிலையில் பிளக்கைப் போட்டபடி செல்ஃப் அடிக்கக் கூடாது. திரவம் சுருங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சிலிண்டர் காய்ந்திருந்தால் பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றி, பம்ப் ஷாஃப்ட்டைச் சுற்றி ஈரம் இறங்குகிறதா, செயின் பள்ளத்திலிருந்து இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பம்ப் அந்த மூடியோடு சேர்ந்தே வந்துவிடும் எஞ்சினில், மூடியை மேசைமேல் கவிழ்த்து, பம்ப் அறையில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுபக்கம் நனைகிறதா என்று பார்ப்பது எளிய வழி.

கேஸ்கட் மேல் சந்தேகம் மீந்திருந்தால் இன்னொரு சோதனை உண்டு. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, வண்டி நகராமல் கிராங்கைப் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விடுங்கள். ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் எரியறையும் கூலண்ட் அறையும் பேசிக்கொள்கின்றன என்று பொருள்.

பம்ப் சீலை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

மெக்கானிக்கல் சீல், ஆயில் சீல் இரண்டையும் எப்போதும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போனபின் மற்றொன்று நெடுநாள் நிற்காது. அதற்காக மறுபடியும் மூடியைப் பிரிப்பது வீண்.

பழைய சீலை எடுக்கும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்பி அலுமினியக் குழியைக் கீறிவிட வேண்டாம். பின்பக்கத்திலிருந்து தட்டி எடுக்க வழி இருந்தால் அதுவே நல்லது. ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, ஆயில் சீலின் உதடு உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தட்டினால் அந்த ஷாஃப்ட்டில் எவ்வளவு புதிய சீலைப் போட்டாலும் கசியும், ஷாஃப்ட்டை மாற்றுங்கள். பெயரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆடும் ஷாஃப்ட்தான் பல எஞ்சின்களில் சீலைக் கொல்லும் உண்மையான குற்றவாளி.

புதிய ஆயில் சீலின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் சிறிது கிரீஸ் தடவுங்கள். மெக்கானிக்கல் சீலின் உரசும் முகத்தை மட்டும் விரலால் தொடாதீர்கள், அதில் ஆயிலும் கிரீஸும் படக் கூடாது. அதன் வெளி விளிம்பில் மட்டும் உட்காரும் அளவுள்ள குழாயையோ சாக்கெட்டையோ வைத்து, நேராக அழுத்தி இறக்க வேண்டும். நடுவில் அடித்தால் கார்பன் வளையம் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். இம்பெல்லரில் உட்காரும் பீங்கான் வளையத்தின் ரப்பரைக் கூலண்டால் நனைத்து, கட்டை விரல்களால் சமமாக அழுத்துங்கள். பொருத்திய பின் கையால் சுழற்றினால் லேசான பிடிப்போடு சீராகச் சுழல வேண்டும்.

அசல் சீல் கிடைக்காதபோது பெங்களூரு கடைகளில் அளவு பார்த்து வாங்கலாம். உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டை மட்டும் பார்த்து உயரத்தைப் பார்க்காமல் வாங்கியவர்கள் திரும்பி வருகிறார்கள். உயரம் குறைந்தால் ஸ்பிரிங்குக்கு அழுத்தம் போதாது.

ஹெட் கேஸ்கட்தான் என்று தெரிந்துவிட்டது. கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

அது ஏன் போனது என்று தெரியாமல் மாற்றினால் மீண்டும் போகும். சேறு அப்பிய ரேடியேட்டர், சுழலாத ஃபேன், எஞ்சின் சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிட வேண்டிய, ஆனால் திறக்காத தெர்மோஸ்டாட், கூலண்ட் இல்லாமல் ஓட்டியது ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் வேராக இருக்கும். ரேடியேட்டர் துடுப்புகளை முன்னாலிருந்து மட்டும் அல்ல, பின்பக்கத்திலிருந்தும் குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவுங்கள்.

ஹெட்டைக் கழற்றியதும் முகத்தைச் சுத்தம் செய்து, நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் நீளவாட்டிலும் மூலைவாட்டிலும் பாருங்கள். அனுமதிக்கும் வளைவு வண்டியைப் பொறுத்து 0.03 மி.மீ. முதல் 0.10 மி.மீ. வரை இருக்கும். சிறிய வளைவை, சமதளக் கண்ணாடியில் 400 முதல் 600 எண் வரையிலான நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) ஒட்டி, எட்டு வடிவத்தில் தேய்த்து எடுத்துவிடலாம். வளைவு அதிகமாக இருந்தால் லேத்துக்காரரிடம் கொடுங்கள். ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு உதிரி செய்யும் இயந்திரக் கூடங்கள் ஏராளம். இந்த வேலையை அவர்கள் துல்லியமாகச் செய்கிறார்கள். சிலிண்டரின் மேல்முகத்தைப் பார்க்கவும் மறந்துவிடாதீர்கள்.

போல்ட் துளைகளில் தேங்கிய கூலண்டைக் காற்றால் ஊதி எடுங்கள். இல்லையென்றால் போல்ட் இறுகியதுபோல் பொய்யாகக் காட்டும், அலுமினியமும் விரிசல் விடலாம். கேஸ்கட்டைக் கையேடு சொன்னால் ஒழிய எந்தப் பசையும் பூசாமல், புதியதாக வையுங்கள். போல்ட்டுகளைக் குறுக்குநெடுக்காக, இரண்டு மூன்று கட்டங்களாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள். கை அளவு எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் அதை நம்பக் கூடாது என்பது அனுபவம்.

பழுதைச் சரி செய்த பின் உள்ளே இருக்கும் பால்போன்ற ஆயிலை எப்படி அகற்றுவது? டீசல் ஊற்றி ஓட்டலாமா?

டீசலை ஊற்றி எஞ்சினை ஓட்டக் கூடாது. பெயரிங்குக்குத் தேவையான வழவழப்பு அதில் போதாது. மூடி பிரிந்திருக்கும்போதே அடித்தொட்டியையும் ஆயில் வலையையும் துணியாலும் சிறிது டீசலாலும் துடைத்து, முழுவதும் வடியவிடலாம். அந்த நேரத்தில் கையால் எடுக்கும் கசடு, பின்னால் மூன்று முறை ஆயில் மாற்றுவதைவிட மேலானது.

பிறகு புது ஃபில்டர் போட்டு, கையேடு சொல்லும் தரத்தில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, சில நிமிடங்கள் ஐட்லிங்கில் மட்டும் ஓட்டி, சூடு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். இரண்டாவது முறையும், தேவைப்பட்டால் மூன்றாவது முறையும் செய்யுங்கள். வெளியே வருவது தெளிவாகும் வரை நல்ல ஆயிலை ஊற்ற வேண்டாம். ஆயில் கூலரும் அதன் குழாய்களும் இருந்தால் தனியே கழற்றிக் கழுவுங்கள். அவற்றில் தேங்கிய அரை டம்ளர் பால், புது ஆயிலை ஒரே நாளில் கெடுத்துவிடும்.

கியர் மாற்றும் வண்டிகளில் கிளட்ச் தட்டுகளும் இதே ஆயிலில்தான் நனைகின்றன. கூலண்டில் ஊறிய தட்டுகளின் உரசும் பகுதி உப்பி, ஒட்டு விட்டு உரிந்துவரும். மூடி திறந்திருக்கும்போதே ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பாருங்கள். இவ்வகை வண்டிக்கு ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கான ஜாசோ எம்ஏ (JASO MA) தரம் குறித்த ஆயிலே பொருந்தும். பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பலவற்றில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு என்பதால் இந்தக் கவலை குறைவு.

போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன?

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களும் கருங்கல் பாறை நிலம். ஆழ்துளைத் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அதே படிவு எஞ்சினின் கூலண்ட் அறைச் சுவரிலும் ரேடியேட்டர் குழாயிலும் படிந்து சூட்டைத் தடுக்கிறது; துகளாகப் பிரிந்து மெக்கானிக்கல் சீலின் முகத்தை அராவுகிறது. தருமபுரித் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு நினைவுக்கு வரும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ஃபுளோரைடு கெடுப்பது நம் பல்லையும் எலும்பையும்தான். ரேடியேட்டரைக் கெடுப்பது சுண்ணாம்பும் மக்னீசியமும். பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரைக் கூலண்டோடு சம அளவு கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள்.

குளிர் இல்லாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சம அளவு கலவை திறந்த பாத்திரத்திலேயே ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தத்தில் இன்னும் உயரும். அலுமினியம் அரிக்காமலும் அது காக்கிறது. சித்திரை வெயிலில் தோப்பில் மெதுவாக ஓடும் வண்டிக்கு இது தேவை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். கையேடு சிலிகேட் இல்லாதது என்று சொன்னால் அதையே தேடி வாங்குங்கள்.

கசிவை அடைக்கும் பொடியோ திரவமோ ரேடியேட்டரில் போடலாமா?

வேண்டாம். அது பம்ப் சீலின் முகத்தைச் சரி செய்யாது; ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் கசிவுத்துளையையும்தான் அடைக்கும்.

என் வண்டி காற்றால் குளிரும் சிறிய 125 சிசி ஏடிவி. அதிலும் ஆயில் வெளுத்திருக்கிறதே?

அதில் கூலண்டே இல்லை. பனியால் சேர்ந்த ஈரமோ, தண்ணீரில் இறங்கியதோ, கழுவும்போது பிரீதரில் தண்ணீர் போனதோதான் காரணம். ஏர் ஃபில்டரையும் பிரீதர் குழாயையும் பார்த்துவிட்டு ஆயிலை இரண்டு முறை மாற்றுங்கள்.

வேலை முடிந்துவிட்டது. குணமானதை எப்படி அறிவது?

முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி ரேடியேட்டர் வாய் எல்லாவற்றிலும் உயரமாக நிற்கும்படி வைத்து, மூடியைத் திறந்தே ஸ்டார்ட் செய்து, காற்றை வெளியேற்றும் பிளீட் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, தெர்மோஸ்டாட் திறந்து குமிழி நிற்கும் வரை கூலண்டை ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று தங்கினால் ஹெட் மறுபடி சூடேறும், புதுக் கேஸ்கட்டும் போகும்.

பிறகு ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் மட்டத்தில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். அடுத்த பத்து நாள், எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் மட்டும் அந்தக் கோட்டையும் டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். முதல் நாளில் கோடு சற்று இறங்குவது, தங்கிய காற்று வெளியேறியதால்; நிரப்பிவிடுங்கள். அதன்பின் நாள்தோறும் இறங்கினால் வண்டியை நிறுத்தி, அழுத்தச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். ஆயிலில் மிக மெல்லிய வெளுப்பு மூலைகளில் மீந்த ஈரத்தாலும் வரலாம் என்பதால், மட்டம் அசையாமல் இருக்கும்வரை அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வடித்த ஆயிலையும் கூலண்டையும் எங்கே கொட்டுவது?

வாய்க்காலிலோ, மரத்தடியிலோ, ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். வேலிக்குக் கறையான் மருந்தாகப் பூசுவதும் வேண்டாம். ஆயிலையும் கூலண்டையும் தனித்தனிக் கேனில் மூடி வைத்து, பழைய ஆயில் எடுக்கும் உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். கூலண்டுக்கு இனிப்புச் சுவை உண்டு. வேலை செய்த இடத்தில் தட்டில் ஒரு வாய் மீந்திருந்தாலும் தோட்டத்து நாய் நக்கிவிடும், ஆட்டுக்குட்டி வாய் வைக்கும். சிறிதளவே அவற்றைக் கொல்லப் போதும். கீழே சிந்தியதை மண் போட்டு ஊறவைத்து அள்ளிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு நாயை அவிழ்த்துவிடுங்கள்.